அட்டை குத்துகிறவள்

டொலிடோ நகரம், ஒஹாயோ. அறுபத்தேழு, பிப்ரவரி.
வானொலி நிலையத்தின் கீழ்த்தளத்தில்
எனக்கு வேலை, குத்துவது.
மணிக்கு நூற்றைம்பது அட்டை.
சிரிக்காதீர்கள்,
அதற்கும் குத்து என்றுதான் பெயர்.

செத்தவனையும் இருப்பவனையும்
ஒரே வளையத்தில் இறக்குவது நிலையத்தின் திட்டம்.
வெள்ளி இரவு எட்டு மணி, டயர் கம்பெனி உபயம்.

உயரம், எடை, கையின் நீளம்.
இடது கை வேகம், பத்துக்கு இத்தனை.
தாடை தாங்குமா, பத்துக்கு இத்தனை.
சொந்த ரத்தம் கண்டால் என்ன செய்வான், பத்துக்கு இத்தனை.
மதிப்பெண் போட்டவர்கள் நான்கு பத்திரிகைக்காரர்கள்.
சாப்பாட்டுக்குப் பிறகு போட்டவை
கொஞ்சம் தாராளம்.

லூபோமிர் ஹ்ரின்கோ. கண்ணாடி உலைக்காரன்,
இருபத்திரண்டில் மாநிலப் பட்டம்.
குதிரைமயிர் திணித்த ஐந்து அவுன்ஸ் கையுறை.
விழுந்தவன் தலைமாட்டிலேயே நின்று
எழ எழ அடிக்கலாம் அந்தக் காலத்தில்.
தாடியஸ் மேப்ரி. ஐம்பத்தாறின் ஆள்,
இப்போது ஆற்றோர ஓட்டலில் கார் நிறுத்துகிறவன்.
எட்டு அவுன்ஸ். எதிரி விழுந்தால்
ஒதுங்கி மூலைக்குப் போயாக வேண்டும்.

எந்தக் காலத்துச் சட்டம் என்று கேட்டேன்.
நிரல் எழுதும் பையன் வின்ஃபீல்ட்
'சராசரி' என்றான்.
ஆறரை அவுன்ஸ் கையுறை
எந்தக் கடையிலும் கிடைக்காது.

பதினோராம் சுற்றில் ஹ்ரின்கோ விழுந்தான்,
செத்து இருபத்தாறு வருடம் கழித்து.
நேயர்கள் கேட்ட சத்தம்
மரப்பலகையில் போட்ட உருளைக்கிழங்கு மூட்டை.
சனிக்கிழமை காலை அவன் மனைவி போன் செய்தாள்.
'எந்தப் பக்கமாக விழுந்தார்?'
தாளைப் புரட்டினேன். அதற்குப் பத்தி இல்லையம்மா.
'இடது காது ஏற்கெனவே கேட்காது அவருக்கு'
என்றாள். வைத்துவிட்டாள்.

சம்மதத்துக்கான காசோலை, ஐம்பது டாலர்,
அதை வாங்க மேப்ரி வந்தார்.
ஜெயித்தவர் முகமாக இல்லை.
'டெண்டியை ஏன் போடவில்லை?'
எந்த டெண்டி?
'ஆம்ப்ரோஸ் டெண்டி. ஹ்ரின்கோ இருந்த ஊர்,
ஹ்ரின்கோ இருந்த வருடங்கள், இரண்டு தெரு தள்ளி.
எடை ஒன்று. ஏறிய டிராமும் ஒன்று.
ஏழு வருடம் சவால் விட்டார்.
கறுப்பர்களோடு மோதுவதில்லை என்று
ஏழு வருடமும் மானேஜரிடமிருந்து ஒரே கடிதம்,
தேதி மட்டும் மாற்றி.'

முப்பது வருடம் தாண்டி ஆளைக் கூட்டிவர
எங்களிடம் ஓர் அறை நிறைய இயந்திரம் இருந்தது.
இரண்டு தெரு தாண்ட
அன்று ஒரு சாவிகூட இருந்திருக்கவில்லை.

இரவு, வின்ஃபீல்ட் போன பிறகு
டெண்டிக்கு ஓர் அட்டை குத்தினேன்.
பெயர். எடை.
உயரம், மேப்ரி கை தூக்கிக் காட்டிய அளவு.
மற்றது எந்தச் செய்தித்தாளிலும் இல்லை.
கொட்டகையிலும் படகுத்துறையிலும் நடந்த சண்டைகள்,
பார்த்தவர்கள் யாரும்
பென்சில் வைத்திருக்கவில்லை.
பத்திகளை வெறுமனே விட்டு ஓட்டினேன்.

முதல் சுற்று, நாற்பதாவது வினாடி,
டெண்டி விழுந்தார்.
வெற்றிடத்தை இயந்திரம்
பூஜ்யம் என்று படிக்கும்.

இன்னோர் அட்டை.
எல்லாப் பத்தியிலும் ஏழு.
ஏன் ஏழு? விரலுக்குப் பக்கத்தில் இருந்தது,
அதைவிட நல்ல நியாயம் என்னிடம் இல்லை.
ஒன்பது போடத்தான் கை போனது. அது தர்மம் போடுவதாகிவிடும்.
பதினைந்து சுற்றும் ஓடியது.
மேசையிலிருந்து தரைக்கு வழிந்தது தாள்.

மறுநாள் ஓட்டல் வாசலுக்கே கொண்டுபோனேன்.
பனியில் நின்றபடி
ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார் மேப்ரி.
நான்காம் சுற்றில் விரல் நின்றது.

'தாடை ஏழு என்று யார் சொன்னது?
துறைமுகத்தில் ஆறு வருடம்
அந்த ஆளோடு மூட்டை தூக்கியிருக்கிறேன்.'

யாரோ ஹாரன் அடித்தார்கள்.
கையிலிருந்த கார்ச் சாவிகளை
சன்னல் திட்டில் வைத்துவிட்டு
என்னிடம் பென்சில் கேட்டார்.