எடுத்துக்கொடுப்பவன்

மேடைக்கு அடியில் ஒரு பொந்து.
இருபத்திரண்டு வருடமாக அதில்தான் என் உத்தியோகம்.
அரசன் வசனம் மறந்து
தொண்டையைச் செருமுகிற அரை நொடியில்
முதல் இரண்டு சொல்லை எடுத்துக்கொடுப்பேன்.
மூன்றாவது சொல்லிலிருந்து அது அவனுடைய துக்கம்.
என் குரல் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டால்
மறுநாள் மேனேஜர் கூப்பிடுவார்.

மார்ச்சில் ஸாக்ரெப் நகரத்து அரங்குகளைப் பூட்டினார்கள்.
பள்ளிகளை, அப்புறம் முடிவெட்டும் கடைகளை.
லியெர்கா மட்டும் கிளம்பினாள்,
நுரையீரல் வார்டின் இரவு நர்ஸ்.
ஒரு பெட்டி, இரண்டு ஜோடி செருப்பு,
இனி ஆஸ்பத்திரி விடுதியிலேயே ஜாகை.
வாசலில் நின்று, பிள்ளைகளைத் தொடாமல் சொன்னாள்:
"சூடாக ஏதாவது செய்து போடு."

ஏதாவது.
நாற்பத்தேழு வயதில் எனக்குத் தெரிந்தது
முட்டை வேகவைப்பது.
அதிலும் பாதி வெடித்துவிடும்.

மூன்றாம் நாள் இரவு போன் செய்தாள்.
அறைத்தோழி தூங்குகிறாளாம்,
கிசுகிசுப்பாகத்தான் பேச முடியும்.
"பெரிய வெங்காயம் ஒன்று. பன்றிக்கொழுப்பு ஒரு கரண்டி.
சிட்டிகை சர்க்கரை போடு, கருகும், பயப்படாதே.
முட்டைகோஸை விரல் அகலத்துக்கு அரி."
"எவ்வளவு நேரம்?"
"வீடு பூராவும் நாறும் வரை."
பிறகு கிர்பிட்சே. சதுரம் சதுரமாக வெட்டிய மாவுத்துண்டு,
எங்கள் பாஷையில் அதன் பெயருக்குக் கந்தல் என்று பொருள்.
வேகவைத்து, வடித்து, கோஸோடு புரட்டி,
மிளகு தாராளமாக.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். உப்பு?"
மறந்திருந்தேன்.
காதுக்குள் ஒரு மூச்சு சிரித்தது.
பொந்துக்குள் இப்போது அவள்.
வெளிச்சத்தில் நின்று திணறுகிறவன் நான்.

டேனா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.
யாகோவ் கோஸை மட்டும் பொறுக்கி
தட்டின் ஓரத்தில் வேலி கட்டினான்.
அடுத்த நாள் பீன்ஸ் கஞ்சி. அப்புறம் உருளைக்கிழங்கு.
வெள்ளிக்கிழமை தோசைக்கல் அளவில் அப்பம்,
முதல் நாலும் குப்பைக்கு.
சனிக்கிழமை மறுபடியும் கந்தல், மறுபடியும் வேலி.
என் கட்டைவிரலில் மூன்று பிளாஸ்திரி.

ஞாயிறு விடிகாலை
கட்டடமே எங்களை உலுக்கி எழுப்பியது.
அலமாரி தானாக நடந்து கதவை மறித்தது.
வெளியே வராதீர்கள் என்று வாரம் முழுக்கச் சொன்ன ரேடியோ
வெளியே வாருங்கள் என்றது.
வாருங்கள், ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

முற்றத்தில் இரவுடையும் கம்பளியுமாக நின்றோம்,
சதுரங்கத்தின் கடைசி ஆட்டத்தில் மிஞ்சிய காய்கள் போல.
புகைபோக்கி ஒன்று யாருடைய கார் மேலோ உட்கார்ந்திருந்தது.
பனி விழ ஆரம்பித்தது. "இது வேறயா" என்றது ஒரு குரல்.
என் கையில் வீட்டுப் பத்திரம் இல்லை, பர்ஸ் இல்லை.
நேற்றைய சட்டி இருந்தது.
எப்போது தூக்கினேனோ தெரியாது.

தரைத்தளத்துப் பியானோ வாத்தியார் விளாட்கோ
ஜன்னலுக்குள் கையை விட்டு
காபிக் கோப்பைகளை எடுத்து வைத்தார்.
ஒவ்வொருவராக வந்து கோப்பையை ஏந்திப் போய்
சுவரைப் பார்த்து நின்று சாப்பிட்டார்கள்.
ஆறிய கந்தலுக்கு இத்தனை ருசியா என்றாள் டேனா.
யாகோவுக்கு வேலி கட்டத் தட்டு இல்லை,
விழுங்கினான்.

லியெர்காவின் எண் கிடைக்கவேயில்லை.
மதியம் அவளே கூப்பிட்டாள்.
முற்றத்துக் கதையைச் சொன்னேன், கோப்பைகளைச் சொன்னேன்.
"நாங்கள் எல்லாரையும் தோட்டத்துக்கு இறக்கினோம்" என்றாள்,
"சிலிண்டரோடு."
அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த மௌனம் எனக்குப் பழக்கம்.
அரங்கில் அது அரை நொடிதான்.
யாருக்கும் கேட்காத குரலில்
"பெரிய வெங்காயம்" என்றேன்.

டேனா போனைப் பிடுங்கக் கை நீட்டினாள்.
பொறு என்று சைகை காட்டினேன்.

"ரெண்டு" என்றாள் லியெர்கா, வெகுநேரம் கழித்து.
"அத்தனை பேருக்கு
ஒன்று எப்படிப் போதும்?"