பத்தடி வழி

மூணேகால் சென்ட்.
அதில் ஓர் அயனிமரம், இடிந்த கக்கூஸ்,
இரண்டு முறியும் ஓர் அடுக்களையும் எடுக்க எனக்கு ஆசை.

வேர்க்கிளம்பி பேரூராட்சியில்
ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்கள்:
"மூல ஆதாரம் எங்க?"
கொண்டுபோனேன்.
கொல்லம் ஆயிரத்து நூற்று ஒன்பது. மலையாளம்.
பூச்சி தின்ற ஓட்டைகளை மட்டும்தான்
அந்த ஆபீசில் எல்லாராலும் வாசிக்க முடிந்தது.

பளுகல் பக்கமிருந்து ரப்பர் ஷீட் எடுக்க வரும் சசீந்திரன்
தராசுக்குப் பக்கத்தில் குத்தவைத்து
எச்சில் தொட்டு வாசித்தான்.
வடக்கே பாறை. தெற்கே கொல்லாமரம்.
மேற்கே ஓடை.
கிழக்கே காளைவண்டி போகும் வழி.
"வண்டி போவுமாம் சேச்சி," என்று சிரித்தான்.
தன் பைக்கைத் திருப்ப இடமில்லாமல்
பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனான்.

புலப்படத்திலும் அப்படித்தான்:
கிழக்கே பத்தடி.
இருபத்தாறு வருஷமாய் நான் நடப்பது ஆறடியில்.
மிச்ச நாலடி
கிளாட்சன் மதிலுக்கு உள்ளே,
அவன் கோழிக்கூட்டுக்கு அடியில்.

ஓவர்சியர் வந்தார்.
டேப்பின் ஒரு முனையை என்னிடம் தந்தார்.
மதிலில் போய் முட்டியது என் கை.
"இது ஆறு. ஆறுக்கு அனுமதி கெடையாது.
பத்துக்கு உண்டு."
"பத்து தாளுல இருக்கு சார்."
"அப்ப தாளுல கட்டுங்க."
சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது.
பணம் கேட்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
போகும்போது மட்டும் அண்ணாந்து பார்த்து,
அயனிச்சக்கை பழுத்தா நாலு குடுத்துவிடுங்க,
பிள்ளைகளுக்கு ஆசை, என்றார்.

கிளாட்சனுக்கும் எனக்கும் பேச்சில்லை,
அதே மரத்துச் சக்கை ஒன்று
அவன் ஓட்டை உடைத்த நாளிலிருந்து.
ஆனாலும் போனேன்.
முற்றத்தில் நிறுத்தியே கேட்டான்.
"வழி பத்தடின்னு ஒரு ஒப்பு வேணும்," என்றேன்.
நெடுநேரம் கோழிகளைப் பார்த்தான்.
பத்து என்றால் மதில் போகும்.
ஆறு என்றால்
மகளுக்கு மாடி எடுக்கப் போகிறானே,
அதற்கு அவனுக்கும் அனுமதி இல்லை.
"பத்துன்னே எழுதுவோம்," என்றான் கடைசியில்.
"ஆதாரத்துலயும் பத்துதானே. நம்ம பொய் சொல்லல்லியே."

அவன் மனைவி கொண்டுவந்த பேனா எழுதவில்லை.
அடுப்பில் காட்டினோம், உதறினோம், ஊதினோம்,
மூன்று பேரும் ஒரு பேனாவைச் சுற்றி,
ஓடு உடையாத காலத்து மனிதர்கள்போல.

ஓவர்சியர் இரண்டாம் முறை வந்தபோது நல்ல மழை.
குடைக்குள்ளிருந்தே அளந்தார்.
பையில் நாலு சக்கை போட்டேன்.
ஒன்று வழியில் வெடித்திருக்கும்,
அவ்வளவு பழம்.

அனுமதி வந்தது.
கம்ப்யூட்டர் சென்டர் பெண் அச்செடுத்துத் தந்தாள்,
பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
திருமதி ரோஸ்லெட் என்று என் பெயர்.
கீழே என் வீடு,
எனக்கில்லாத காரை நிறுத்த இடம் உட்பட.
கிழக்கே நேராக, சுத்தமாக,
ஒரு கோழி இல்லாமல்,
பத்தடிச் சாலை.
அவ்வளவு அகலத்தில் யாரும் நடந்ததில்லை.
விரலால் ஒருமுறை நடந்து பார்த்தேன்.

முந்தாநாள் கல் வந்தது.
லாரி திருப்பிலேயே மூச்சுவிட்டு நின்றது.
டிரைவர் இறங்கி, "வழி எங்கக்கா?" என்றான்.
பையிலிருந்து தாளை எடுக்கப்போன கையை
நானே அடக்கிக்கொண்டேன்.
அங்கேயே தட்டிவிட்டுப் போனான்.

சுமந்தோம்,
கொத்தனாரின் ஆட்களும் நானும்,
தலையில் சும்மாடு,
ஒருவர் வர ஒருவர் ஒதுங்கி.
சாயங்காலம் மதிலுக்கு மேலே
கிளாட்சனின் தலை தெரிந்தது.
"மதில்ல இடிக்காம கொண்டுபோங்க," என்றான்.

உள்ளே
அனுமதிக்கப்பட்ட சாலையில்
கோழிகள் அடையத் தொடங்கியிருந்தன.