ஒட்டுக்கா

மாதாந்திரப் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை
வீரப்பன்சத்திரத்தில் மின்சாரம் இருக்காதென்று
பேப்பரில் போட்டிருந்தான்.
தறி நின்றால் கூலி நிற்கும்.
நின்னா நிக்கட்டும், ஒருநாளைக்கு மலையேறலாம்,
ஒட்டுக்கா, என்றாள் மயிலாத்தாள்.

தலைக்கு நானூறு.
வேன், ரேஞ்சர் ஆபீஸ் ரசீது, புளிச்சோறு
எல்லாம் அதில் அடக்கம்.
அந்தியூர் தாண்டி வளைவுகளில்
நாச்சிமுத்தண்ணன் இரண்டுமுறை வாந்தியெடுத்தார்.
தாமரைக்கரையில் இறங்கினால்
பதினொரு பேர் வாயிலும் புகை.
பீடியில்லாமல் புகைவிட்ட சந்தோஷத்தில்
சாதிக் ஊதிக்கொண்டே நின்றான்.

கூட வந்த வனக்காவலர் ஜடையன்
மெதுவாப் பேசுங்க என்றார்.
மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.
இருபத்திநாலு தறி ஓடும் குடோனில்
ஊறுகாய் இருக்குதா என்று கேட்கவே
நெஞ்சைப் பிளக்கவேண்டும்.
அந்தத் தொண்டையோடுதான் வீட்டுக்கும் போகிறோம்.
எழவு வீட்டில் நாங்கள் ஆறுதல் சொன்னால்
சண்டைக்கு வந்தவர்களைப் போலப் பார்ப்பார்கள்.

காட்டுக்குள் வெயில் இறங்கவில்லை.
ஈரம் மட்டும் இறங்கியிருந்தது.
கடுக்காய் மரத்துப் பாசியைத் தடவிப் பார்த்து
'கஞ்சி போட்ட நூலாட்டம் சில்லுனு இருக்குது!'
என்றாள் ருக்குமணி.
மூன்று மரம் தள்ளி ஏதோ பறவை
எழுந்து போனது.
ஜடையன் ஒன்றும் சொல்லவில்லை.

ஓடையைக் கடந்ததும் நின்றார்.
மூக்கை உயர்த்தினார்.
மூங்கிலுக்கு அக்கட்ட
பாறை என்று நாங்கள் நினைத்தது
காதை அசைத்தது.

கத்தத்தான் வந்தது எல்லோருக்கும்.
முன்னால் நின்ற மயிலாத்தாள் எங்கள் பக்கம் திரும்பி
வயிற்றை இரண்டு தட்டு தட்டி
இல்லாத மீசையை முறுக்கினாள்.
முதலாளி வர்றாரு.
குடோனில் இருபது வருஷமாக அதற்கு அதுதான் சைகை.
பதினொரு பேரும் நின்ற இடத்தில் நின்றோம்.

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் உருட்டிக் காட்டினேன்:
அறுந்த இழையை முடி.
நாச்சிமுத்தண்ணன் சாதிக்கின் கையைப் பிடித்தார்,
சாதிக் ருக்குமணியின் முந்தானையை.
எத்தனை பீஸ் என்று மோவாயால் கேட்டார் அண்ணன்.
மயிலாத்தாள் இரண்டு விரல் காட்டினாள்,
கொஞ்சம் பொறுத்து
சுண்டுவிரலும்.

இருபது நிமிஷம்.
ஜடையன் ஆனையைப் பார்த்ததைவிட
எங்கள் விரல்களைப் பார்த்ததுதான் அதிகம்.

மேலே பாறையில் சோற்றுப் பொட்டலம் பிரித்தபோது கேட்டார்:
'படிச்சவங்க எத்தனையோ பேரைக் கூட்டியாந்திருக்கேன்,
வாயைக் கட்ட முடியாது.
உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?'
'கரண்டு பில்லுக் கட்டறவருங்' என்றாள் மயிலாத்தாள்.

இங்கே என்ன சத்தம் கேட்குது என்று
கையை விரித்தார் அண்ணன்.
அவருக்கு இடக்காது போய் ஆறு வருஷம்,
வலதும் போய்க்கொண்டிருக்கிறது.
இலையிலிருந்து இலைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது,
அவ்வளவுதான்.
அதற்கு எங்களிடம் சைகை இல்லை.
ஐந்து விரலையும் கீழே தொங்கவிட்டு
ஒவ்வொன்றாய் உதிர்த்துக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு காதைத் தொட்டு,
'எனக்கு இங்கயும் தறிதான் ஓடுது தாயி' என்று
மலைக்கே கேட்கச் சொல்லிவிட்டு
மிச்சப் புளிச்சோற்றை வழித்துச் சாப்பிட்டார்.

இறங்கும்போது டவர் கிடைத்தது.
கரண்ட் வந்துருச்சு என்று மூன்று பேருக்குச் சேதி.

மறுநாள் பத்து மணிவாக்கில்
ஏழாம் தறியிலிருந்து என்னைப் பார்த்து
அண்ணன் விரல்களைத் தொங்கவிட்டு
ஒவ்வொன்றாய் உதிர்த்தார்.
மலைக்கு வராத தார்போடுகிற பையன் குட்டியப்பன்
பாவு அறுந்துவிட்டதென்று நினைத்து
ஓடிப்போய் என் தறியை நிறுத்தினான்.

இருபத்திமூன்று ஓடிக்கொண்டிருந்தன.