வரவுப் பக்கம்

பதினொரு மாதச் சம்பள பாக்கிதான்
எங்கள் அச்சு இயந்திரம்.
முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை ஆற்றைக் கடந்தார்.
மறுகரை வேறு நாடு.
திவால் வழக்கில் நீதிபதி எழுதினார்:
தொழிலாளருக்குத் தரவேண்டிய தொகைக்கு ஈடாக
இயந்திரத்தை அவர்களே எடுத்துக்கொள்ளலாம்.
சமைக்க முடியாத சம்பளம்,
ஏழு டன் இரும்பு,
ஒன்பது பேருக்கு.

வழக்கறிஞர் நெலிடா ஷோன்ஃபெல்ட்
காகிதச் சுருள்மேல் உட்கார்ந்து வழி சொன்னாள்.
அறக்கட்டளை என்றால் நன்கொடை வரும்,
பின்னாலேயே நன்கொடையாளரின் மருமகனும் வருவான்,
கையில் கட்டுரையோடு.
கம்பெனி என்றால் அரிசி ஆலை பெர்த்தோல்டி
பாதிப் பங்கை வாங்கிவிடுவார்;
வாய்க்காலில் விழும் ஆலைக் கழிவு
அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்.
கூட்டுறவு என்றால்
(கொஞ்சம் யோசித்தாள்)
பட்டினியும் சரிபங்கு.

ஆளுக்கு ஒரு வாக்கு.
பணம் கூடினாலும் வாக்கு கூடாது.
இந்த ஒரு விதிக்கு இரண்டு இரவு ஆனது.
முப்பது வருஷம் இயந்திரம் ஓட்டிய ஓமார் கேட்டார்:
நானும், போன வருஷம் வந்த எசெக்கியேலும்
ஒரே எடையா?
யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
மைக்கறையில் கட்டைவிரலும் பதிந்தது.

வரி விளம்பரம் வாங்கிக்கொண்டிருந்த நான்
கணக்குக்கு வந்தேன்.
மற்ற எட்டுப் பேருக்கும் கூட்டலோடு பகை.

சனிக்கிழமைதோறும் 'எல் ரெமான்சோ', எட்டுப் பக்கம்:
ஆற்று மட்டம், மாட்டு விலை,
நகராட்சி ஒப்பந்தம் யாருடைய மைத்துனனுக்கு.
சந்தா அறுநூற்று நாற்பது.
டயர் கடை விளம்பரம், டயராகவே.
மாகாண அரசின் விளம்பரத்தை மட்டும்
பென்சிலில் எழுதிவைப்பேன்;
ஒரு தலையங்கத்தில் அழிந்துவிடும்.

உண்மையில் சோறு போட்டது
ஏழாம் பக்கத்து நீதிமன்ற அறிவிப்புகள்.
வாரிசு, ஜப்தி, ஏலம்.
உள்ளூர் ஏட்டில் மூன்று இதழ் வந்தாக வேண்டும் என்று
சட்டம்.
யாரும் படிப்பதில்லை, சென்டிமீட்டர் கணக்கில் காசு.
யாருக்கோ வீடு போனால்
எங்களுக்குக் காகிதம் வரும்.

ஜூன் மாதம் ஓர் உறை வந்தது.
செய்போஸ் தெரு, மனை எண் பதினான்கு,
ரோகேலியோ கௌனா.
என் தம்பி.

இந்த வாரம் இயந்திரம் பழுது என்று சொல்லிவிடலாம்,
ஸுலெமா, என்றார் ஓமார். என் முகத்தைப் பார்க்கவில்லை.
கூட்டம் போட்டோம்.
எனக்கும் ஒரு வாக்கு இருந்தது.
போடலாம் என்று கை தூக்கினேன்.
பதினொரு சென்டிமீட்டர், ஒற்றைப் பத்தி.
நானே எழுத்துக் கோத்தேன்.

மூன்று இதழும் வந்து முடிந்தபின்
திங்கட்கிழமை நீதிமன்றத்திலிருந்து அழைத்தார்கள்.
மனை எண் நாற்பத்தொன்று என்று இருக்கிறது.
அறிவிப்பு செல்லாது.
முதலிலிருந்து, மூன்று இதழ், உங்கள் செலவில்.

ஏலம் ஆகஸ்டுக்குப் போனது.
அந்த நாட்களில் ரோகேலியோ கடனைக் கட்டிவிடவில்லை,
அதிசயம் எதுவும் நடக்கவில்லை.
கொல்லையில் இருந்த எலுமிச்சங்காய்களைப்
பறித்து முடித்தான்.
ஒரு கூடை இங்கே வந்தது.
கணக்கில் எங்கே எழுதுவது என்று தெரியாமல்
ஒன்பதாகப் பிரித்தேன்.

எசெக்கியேல்தான் கேட்டான், கூட்டத்தில்,
காது சிவக்க, தரையைப் பார்த்து:
அச்சுப் பிழை என்றால் சங்கத்தின் செலவு.
இல்லையென்றால்
ஸுலெமாவின் செலவு.
எது என்று குறிப்பில் எழுத வேண்டும்.

ஓமார் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார்,
முதல்முறையாக எடை பார்ப்பவர்போல.

அச்சுப் பிழை என்று எட்டுக் கைகள்.
எசெக்கியேலின் கையும், தாமதமாக.
என் கை மடியிலேயே இருந்தது.
நான்கும் ஒன்றும்
பக்கத்துப் பக்கத்து விசைகள் அல்ல;
அதை யாரும் சொல்லவில்லை.

இரவு பேரேட்டைத் திறந்தேன்.
திருத்தம், பதினொரு சென்டிமீட்டர், மூன்று இதழ்.
வரவுக்கு எதிர்ப்பக்கம்,
பற்று என்று தலைப்பிட்ட பத்தியில்
தொகையை எழுதினேன்.
யார் பெயரில் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கீழே ஓமார் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியிருந்தார்,
மேசை அதிர்ந்தது.
அதற்குள் எழுதிவிட்டேன்:
கௌனா, ஸு.