அந்நிய வாசனை

முப்பது மில்லி. ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
ஐந்து ரோட்டுக் கடையின் ஏசி
என் வியர்வையை விசாரித்துக்கொண்டிருந்தபோதே
மணிக்கட்டைக் கேட்டு வாங்கி அடித்துவிட்டாள் ரிஹானா.
அட்டைப்பெட்டி சொன்னது:
விடியுமுன் பறித்த பத்தாயிரம் பூக்கள்.

முதலில் எலுமிச்சை மாதிரி எதுவோ.
பிறகு சர்பத்.
பிறகு, நேற்றுத் திறந்த பல் ஆஸ்பத்திரி.

"இது உண்மையான வாசம் இல்லக்கா.
மூணு மணி நேரம் போகணும்.
உங்க தோலோட சேந்து, அப்புறந்தான் பூ வரும்."

கார்டை நீட்டினேன்.

பதினாறு வருஷமாக மூக்கால் சம்பளம் வாங்குகிறவள் நான்.
ஆத்தூரிலிருந்தும் தலைவாசலிலிருந்தும்
துணிப்பைகளில் வரும் ஜவ்வரிசி மாதிரிகள்.
ஒரு கைப்பிடி அள்ளி
அதன்மேல் மூச்சை விட்டுத் திரும்ப இழுத்தால் தெரிந்துவிடும்
மாவு எத்தனை நாள் தொட்டியில் கிடந்தது,
வெளுப்புக்காக யார் அமிலம் கூட்டினார்கள்,
எந்தக் களத்தில் வெயில் போதவில்லை.
லாரி ஏறி வந்து சத்தியம் செய்தவர்களை
அதே லாரியில் திருப்பி அனுப்பிய மூக்கு
இருபது வயசுப் பெண் சொன்னாளென்று
வாட்சைப் பார்த்தபடி காத்திருந்தது.

டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்தாள்.

வ.உ.சி. மார்க்கெட்டில் இறங்கி
வாங்கும் உத்தேசமில்லாமல் மல்லி விலை கேட்டேன்.
கிலோ அறுநூறு.
மனசு கணக்குப் போட்டது, நான் சொல்லாமலே:
பதினோரு கிலோவும் கொஞ்சமும்.
பதினோரு கிலோ மல்லிக்கு
பஸ்ஸில் தனி டிக்கெட் கேட்பார்கள்.
ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வரும், ஓர் ஆளைப்போல.

இரண்டாவது மணியில் அது சோப்புப்பெட்டி.

"போகப் போகச் சரியாயிடும் கோகிலா"
என்று எனக்கு முன்பும் சொல்லியிருக்கிறார்கள்.
கொண்டலாம்பட்டியில், மூன்றாம் மாதம்,
அவருடைய அக்கா, என்னுடைய அக்கா,
கூடப் படித்த பிரிசில்லா.
நாலு வருஷம் போகப் போகப் பார்த்தேன்.
பிறகு போனேன்.

எட்டு மணி. மூன்றாவது முடிந்தது.
கன்னங்குறிச்சி வீட்டு மொட்டை மாடியில்
கையை மூக்கருகே வைத்து நின்றேன்.
மலையிலிருந்து காற்று இறங்கியது,
எதையும் கொண்டுவராமல்.
பூ வரவில்லை.
பூ வருமென்று பெருக்கித் தெளித்து வைத்த வாசல் மாதிரி
ஒரு காலியிடம்.
அதன் அடியில், மெல்ல,
என் தோலிலிருந்து எட்டிப் பார்த்தது
மரவள்ளியின் புளிப்பு.

போன் போட்டேன்.
"திறந்தத எடுக்க மாட்டோமேக்கா" என்றாள் ரிஹானா.
வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது அவள் குரலில்.

திங்கட்கிழமை காலை
இவ்வளவு பணமாயிற்றே என்று
இன்னும் இரண்டு அழுத்து அழுத்திக்கொண்டு போனேன்.

மாதிரி எண் நாற்பத்தொன்று, பெத்தநாயக்கன்பாளையம்.
முருகபூபதி குனிந்து முகர்ந்து நெற்றியைச் சுருக்கினான்.
"மேடம், இதுல என்னவோ கலந்திருக்கான்.
பினாயிலா, பவுடரா, தெரியல.
லாட்டையே நிறுத்திடலாமா?"

தொண்ணூறு கிலோ மூட்டைகள், இருநூறு.
கீழே டீக்கடையில் அந்த ஆள்
பன்னைப் பிய்த்துக்கொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது.

தட்டை வாங்கி வராந்தாவுக்குக் கொண்டுபோனேன்.
கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து
மூச்சு விட்டேன், இழுத்தேன்.
நல்ல மாவு. முழு வெயில்.
லேசான, நேர்மையான புளிப்பு.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
அந்நிய வாசனை, உண்டு அல்லது இல்லை.
இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
முருகபூபதி என்னைப் பார்த்தான்,
பிறகு என் மணிக்கட்டை,
பிறகு மரியாதையாக மின்விசிறியை.

குழாயடியில் சிவப்பு சோப்பு போட்டு
முழங்கைவரை கழுவினேன். முகர்ந்தேன். கழுவினேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால்
புளிசாதத்தின் மேல்
விடியுமுன் பறித்த பத்தாயிரம் பூக்கள்.