பன்னிரண்டாவது

காருக்கான இடத்தில் படகு கிடக்கிறது.
கார் தெருவில் நனைகிறது.
தவமலர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

புக்கிட் தம்புனில் முந்நூறு ரிங்கிட்டுக்கு வாங்கிய
பதினான்கு அடி அலுமினியம்.
நீலத்தைச் சுரண்டினால் பச்சை.
பச்சைக்கு அடியில் யாரோ ஆணியால் கீறிய
தொலைபேசி எண்,
ஆறே இலக்கம்.
அதன்மேல் உப்புத்தாள் போட மனமில்லை,
சுற்றிக்கொண்டு போனேன்.

ஓட்டை தேட
ரப்பர் குழாயைப் படகுக்குள் திறந்துவிட்டேன்.
தலைகீழ் வேலை என்றார் கூய்,
கிரில் கதவுக்கு அப்பால்.

அடியில் மல்லாந்து காத்திருந்தேன்.
முதல் சொட்டு நெற்றியில்.
அழுத ரிவெட்டுகளைப் பிள்ளையின் கிரேயானால்
சிவப்பாக வட்டமிட்டேன்.
பதினொன்று.
அவ்வளவுதான் என்று எழப்போனேன்.

பன்னிரண்டாவதைத்
தவமலர் காட்டினாள்,
பாஜு குரோங்கை முழங்காலுக்கு ஏற்றிக் குந்தி,
ஒன்றும் சொல்லாமல்,
கார் சாவியின் நுனியால்.