ஏசித் தண்ணீரில் முளைத்தது

ஜஹ்ராவில், மூன்றாம் மாடி
ஏசிக் குழாய் சொட்டும் மண்ணில்
பேரில்லாத காளான்.

மருந்துக்கடைக்காரன் இரண்டு முறை கேட்டான்:
"ஸ்பிரிட் எதற்கு?"
"காளானுக்கு" என்றேன். சிரிக்கவில்லை.

மத்திமீன்களோடு ஃப்ரீசரில் கிடந்தது புட்டி.
"திறக்கப்போகிறேன், அடுப்பை அணை" என்றதும்
பாதி வெந்த சோற்றோடு காத்திருந்தான் செபமாலை.

நசுக்கி, உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு,
இரண்டு சொட்டு அன்னாசிச் சாறு.
டீ வடிகட்டியில் இறுத்து
கிளாஸின் ஓரமாய்ச் சரித்தேன் ஸ்பிரிட்டை.

இரண்டுக்கும் நடுவே
மூக்குச்சளிபோல் எழுந்தது
வெள்ளை நூல்.

"எந்த ஊர்க் காளானாம்?"
"அதைப் படிக்கிற மெஷின் என்னிடம் இல்லை."
"செலவு?"
"ஒன்றேகால் தினார்."

பல்குத்தும் குச்சியில் சுற்றித் தூக்கி
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
"மெடிக்கலில் ரத்தம் எடுத்தவன்
இதைக் கண்ணில் காட்டவில்லையே" என்று
அடுப்புப் பக்கம் திரும்பினான்.

மூடியைத் திருகி முடிக்கும்வரை
அவன் கையை விடவில்லை நான்.